நல்லகாமன் கண்ட அமாவாசைக் காற்று

மதுரைக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், நிலா இழுத்து ஒரு காற்று அடிக்கிறது என்று 1937-இல் ஒரு பெரிய படிப்பாளி கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பைக் கெடுத்தவன் என் அக்காள் புருஷன் நல்லகாமன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, கூடவே என் பிழைப்பிலும் மண்ணைப் போட்டான். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கோபம் வந்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது. வயதில் மூத்தவன்தான். ஆனால் ‘அவர்’ போட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருக்கிறது.

நல்லகாமன் சமயநல்லூர்க்காரன். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை, எட்டாம் வகுப்புப் படிப்பு. அவன் ஏர் பிடித்தால் சால் கோணும். பார்வை எப்போதும் மேலே இருக்கும், பருந்திலோ மேகத்திலோ. “மாட்டுக்குப் பின்னால போறவன் மாட்டைப் பாருடா, மானத்துல என்னாத்தைத் தேடுறே?” என்று அவன் அப்பா தார்க்குச்சியால் முதுகில் போடுவாராம். 1930-இல் காளவாசலுக்கு மேற்கே, செங்கல் சூளைகளைத் தாண்டிய பொட்டலில், சர்க்கார் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வானத்தைப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும் என்றது. அடி வாங்கிக்கொண்டு பார்த்ததைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கலாம் என்றால் விடுவானா? முதல் ஆளாகப் போய் நின்றான். எழுத்து வேலைக்கு இன்னொருவன் தேவைப்பட்டதால் மச்சினன் தவசி என்று என் பெயரையும் கொடுத்துவிட்டான்.

வேலை இதுதான். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் வாயு அடைத்து மேலே விட வேண்டும். மூன்று கால் வைத்த தியோடலைட் கண்ணாடி வழியாக நல்லகாமன் அதைத் துரத்துவான். நிமிஷத்துக்கு ஒருமுறை அது எந்தத் திசையில், எத்தனை பாகை மேலே நிற்கிறது என்று கத்துவான். நான் எழுதுவேன். பிறகு கணக்குப் போட்டால், எத்தனை அடி உயரத்தில் எந்தக் காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று தெரியும். இதில் ஒரு சங்கதி உண்டு. பலூன் ஏறிய உயரத்தை யாரும் அளப்பதில்லை. பத்துத் தோலா எடைக்குண்டு ஒன்றைச் சரியாகத் தூக்கி நிற்கும்வரை வாயுவை அடைத்து, குண்டைக் கழற்றிவிட்டால், பலூன் நிமிஷத்துக்கு ஐந்நூறு அடி ஏறும் என்பது புத்தகத்தில் போட்டிருந்த வாக்கு. அதை நம்பி, கடிகாரத்தைப் பார்த்து உயரத்தை எழுதிக்கொள்வோம்.

என் அப்பாவுக்கு இந்த உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை. “சித்திரைத் திருவிழாவுல பலூன் விக்கிறவனுக்கா பொண்ணைக் குடுத்தேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விற்றால்கூட மரியாதை என்பது அவர் எண்ணம். இவன் சும்மா விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறானே.

நல்லகாமனுக்கோ அதில் ஒரு பித்து. ஆடி மாதம் காளவாசலில் மேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். பலூன் கிழக்கே ஓடும். கொஞ்ச உயரம் போனதும் தயங்கி நிற்கும். அப்புறம் திரும்பி, எங்கள் தலைக்கு மேலேயே மேற்கு நோக்கிப் போகும். கீழே ஒரு காற்று, மேலே அதற்கு நேர் எதிராக ஒன்று. இது தெரிந்த ஆள் மதுரை ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்கு ஒரு கர்வம். காப்பிக் கடை சுருளியிடம் போய்ச் சொன்னான். “அம்புட்டு ஒசரம் போயி நீ பாத்துட்டு வந்தியாக்கும்? காப்பியைக் குடிண்ணே, ஆறுது” என்று சுருளி முடித்துவிட்டான். அன்றெல்லாம் நல்லகாமன் முகம் தொங்கிப் போயிருந்தது.

ஆனால் நாங்கள் இருவருமே தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘இன்னும் ஆறு மாதம் இருக்கலாம்’ என்று மேலிடத்திலிருந்து காகிதம் வரும். வராவிட்டால் அவன் சமயநல்லூருக்குப் போய் மறுபடியும் மாட்டுக்குப் பின்னால் நடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதம் வரும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. நிரந்தரம் என்கிற ஒரு வார்த்தைக்காக அவன் ஏங்கியது போல் நான் எதற்கும் ஏங்கியதில்லை. எனக்கும் அது வேண்டும்தான், உட்கார்ந்து எழுதுகிற வேலை ஊரில் வேறெங்கே கிடைக்கும்?

1934 மாசி அமாவாசையன்று பலூன் வெடித்தது. குப்பென்று ஒரு ஜுவாலை. புகை விலகியபோது நல்லகாமனின் மீசையில் இடது பாதியைக் காணவில்லை. வலது பாதி மட்டும் கம்பீரம் குறையாமல் நின்றது. வாயு இருக்கிற இடத்தில் பீடி கூடாது என்று கொட்டகைக் கதவில் மூன்று பாஷையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றையும் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பீடியும் என்னுடையதுதான்.

அதை நான் சொல்லவில்லை. சொல்ல அவகாசமும் கிடைக்கவில்லை. என் அக்காள் அன்னக்கொடி மிச்ச மீசையைச் சிரைத்துவிடும்போதே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். “நேத்துத்தான் அந்தச் சுருளிப் பய இந்த மீசையைப் பாத்து வாயைப் பொளந்தானாம். பொல்லாத கண்ணு. அதுவும் அமாவாசையும் கூடிப் போச்சு. வண்டிக்குப் பழம் கட்டுறாக, கடைக்குக் கட்டுறாக, உங்க பலூனுக்குக் கட்டுனா கொறைஞ்சா போகும்?”

அடுத்த அமாவாசையிலிருந்து பலூனின் கழுத்தில் ஒரு நூல், நூலில் ஒரு எலுமிச்சம்பழம், மூன்று பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. குண்டு வைத்து எடை பார்த்து முடித்த பிறகுதான் இதைக் கட்டுவோம். திருஷ்டிப் பழத்தைத் தராசில் ஏற்றுவது சாமிக்கு மரியாதை இல்லையே. அப்படி ஏறிய பழங்கள் எங்கே விழுந்தன என்று நாங்கள் கவலைப்படவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருவர் வயலில் வானத்திலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்ததாகவும், அந்த இடத்தில் பொங்கல் வைத்ததாகவும் ஒரு பேச்சு வந்தது. இன்னொன்றும் அங்கேயே விழுந்திருந்தால் கோயில் எழும்பியிருக்கும்.

மூன்று வருஷம், முப்பத்தாறு அமாவாசை, முப்பத்தாறு பழம். பலூன் வெடிக்கவில்லை. நானும் கொட்டகைக்குள் பீடி பிடிக்கவில்லை.

1937 மாசியில் ஆபிசர் வந்தார். எங்கள் ஏடுகள் எல்லாம் போய்ச் சேருகிற பெரிய ஆபீசில் பெரிய இடத்தில் இருப்பவர். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் கொஞ்சமும் இல்லை. நாற்காலியில் உட்காராமல், பையிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். மதுரையின் மூன்று வருஷத்து மேல்காற்று முழுவதையும் கோடாக வரைந்திருந்தார். கோடு சமமாகப் போய்க்கொண்டே இருந்து, மாதம் ஒரு இடத்தில் காளையின் திமில் போலத் தூக்கியது.

“ஒவ்வொரு அமாவாசைக்கும் இந்த ஊர்ல மேல்காற்று நாலில் ஒரு பங்கு கூடுது. வேற எந்த ஊர்லயும் இப்படி இல்லை. காரணம் என்ன தெரியுமா? நிலா!” என்றார்.

பிறகு விளக்கினார். நிலா கடலை இழுப்பதால் தண்ணீர் ஏறி இறங்குகிறது. காற்றும் ஒரு கடல்தான், நாம் அதன் அடித்தரையில் நடமாடுகிறோம். கடலை இழுக்கிற நிலா காற்றை மட்டும் விட்டுவைக்குமா? காற்றுக் கடலும் நிலாவுக்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது, அது ஏறி இறங்கும்போது உயரத்துக் காற்றுகளும் மாறத்தான் வேண்டும். வேறு தேசங்களில் பாதரசக் குழாயை வருஷக்கணக்காகப் பார்த்து அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிட்டார்கள், மயிரிழை அளவுதான். இவ்வளவு பெரிதாக, மேல்காற்றிலேயே, இதுவரை யாரும் பார்த்ததில்லை. கல்கத்தாவில் படிப்பாளிகள் கூடுகிற சபையில் இதை வாசிக்கப் போகிறார். நிலாவைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது, அது காய்ந்தால் லாந்தருக்கு எண்ணெய் மிச்சம் என்பதுதான். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்லகாமன் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தான். “பாம்பன்ல பாத்துருக்கேன் சார். அமாவாசைக்கும் தண்ணி ஏறும், பௌர்ணமிக்கும் அதே மாதிரி ஏறும். இதுல பௌர்ணமிக்கு ஒண்ணையும் காணாமே?”

ஆபிசர் காகிதத்தின் மேல் தாமும் ஒருமுறை விரலை ஓட்டினார். “அதுக்கு நாகமலை காரணமா இருக்கலாம்” என்றார் பிறகு. நாகமலை பௌர்ணமியை மட்டும் எப்படி மறிக்கும் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனிதர் மலையின் மேல் பழியைப் போட்டால், மலை வந்து மறுப்புச் சொல்லவா போகிறது?

“அமாவாசை அன்னிக்கு மட்டும் நீங்க ஏதாவது வித்தியாசமா செய்யறீங்களா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமே இல்ல சார்” என்றேன் நான். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நல்லகாமன் கோட்டின் திமில்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அமாவாசை. தாம் பக்கத்தில் நின்று பார்க்க, ஒரு பலூன் விட்டுக் காட்ட வேண்டும் என்றார். அது முடிந்ததும் கையெழுத்துப் போடத் தயாராக இரண்டு உத்தரவு டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். நல்லகாமன் நிரந்தரம், தவசி நிரந்தரம். எங்கள் பெயர்களை அச்சு எழுத்தில் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்லகாமன் அந்தக் காகிதத்தைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து மூன்று முறை வாசித்தான்.

ஆபிசர் தாம் தங்கியிருந்த பங்களாவுக்குப் போன பிறகு, நல்லகாமன் நான் வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தராசில் வைத்தான்.

“மூணரைத் தோலா இருக்கு மாப்ள.”

“நல்ல பழம் மச்சான். பொறுக்கி எடுத்தேன்.”

“பலூன் தூக்குறதே பத்துத் தோலாதான். அதுல மூணரையைப் பழம் தின்னுட்டா, அது எப்படி நிமிசத்துக்கு ஐந்நூறு அடி ஏறும்? மிஞ்சிப் போனா நானூறு. மெள்ள ஏறும், காத்து அதைத் தள்ளிட்டுப் போயிக்கிட்டே இருக்கும். நாம ஐந்நூறு ஏறுச்சுன்னு எழுதுறோம். கணக்குல காத்து கூடத்தானே செய்யும்?” பழத்தைத் தராசிலிருந்து எடுத்தான். “நிலாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்தப் பழம்தான்டா அது.”

டைப் அடித்த இரண்டு உத்தரவும் பறந்து போவது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் மூளை வேலை செய்தது. “நாளைக்குப் பழமே கட்ட வேணாம் மச்சான். நீங்க பாட்டுக்குப் பாகையைச் சொல்லுங்க. எழுதுறது நாந்தானே? போன அமாவாசை ஏட்டைப் பாத்து அதே மாதிரி எழுதிட்டுப் போறேன். அவருக்கும் சந்தோசம், நமக்கும் பர்மனன்ட்டு.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில், அடி விழும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விழவில்லை. அந்தத் தைரியத்தில் இன்னும் கொஞ்சம் பேசினேன். “கண்ணுபட்டதும் பொய்யி மச்சான். அன்னைக்கு வெடிச்சது என் பீடியாலதான். எல்லாமே பொய்யா இருக்கையில நாம எழுதுற பொய்யி மட்டும் என்னா செஞ்சிரும்?” அப்போது விழுந்தது. ஒரே அறை. இரண்டு நாள் காதுக்குள் ரயில் ஓடியது.

காலை ஏழு மணிக்கு ஆபிசர் கோட்டு சூட்டோடு வந்து நின்றார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நல்லகாமன் முதல் பலூனை வெறுமனே விட்டான். அரை மணி துரத்தினான். ஆபிசர் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். காற்று மற்ற நாள்களில் அடிக்கிற அளவுக்குத்தான் அடித்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அதே விடை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டபோது, நல்லகாமன் இரண்டாவது பலூனை எடுத்தான், எடை பார்த்தான், அவர் கண் முன்னாலேயே நூலைக் கட்டி, பழத்தையும் மிளகாயையும் கரியையும் தொங்கவிட்டு மேலே அனுப்பினான். அமாவாசைக் காற்று வந்தது. கணக்கில் நாலில் ஒரு பங்கு கூடுதல்.

“இதான் சார். மூணு வருசமா இதைக் கட்டித்தான் விட்டோம். எனக்கு நேத்துத்தான் வெளங்குச்சு” என்றான்.

ஆபிசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நீளக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னார். “ரெண்டாவதை மட்டும் ஏட்டிலே எழுதுங்க.”

“அது பழத்தோட போனது சார்.”

“பழத்தை யார் பார்த்தா?”

“நான் பாத்தேன்ல சார்.”

ஆபிசர் இரண்டு உத்தரவுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். எழுதினால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை. நான் நல்லகாமனின் முதுகைக் கிள்ளினேன். என் குலதெய்வம், அவன் குலதெய்வம், இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அவன் என்னிடமிருந்து ஏட்டை வாங்கி, உட்கார்ந்து, இரண்டு பலூனையும் எழுதினான். பிறகு பழைய ஏடுகளை எடுத்தான். ஒவ்வொரு அமாவாசையாகத் தேடி, குறிப்பு எழுதுகிற கட்டத்தில், ‘எலுமிச்சம்பழம் கட்டி விட்டது, சுமார் மூன்றரைத் தோலா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முப்பத்தாறு இடம். அவன் கையெழுத்து வேறு, ஏர் ஓட்டுகிற வேகத்தில்தான் போகும். ஆபிசர் கடைசிவரை நின்று பார்த்தார். அப்புறம் பேனாவை மூடினார், உத்தரவுகளைப் பையில் போட்டுப் பூட்டினார். அந்தப் பூட்டின் சத்தம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தவரிடம் நல்லகாமன் ஓடிப்போய்க் கேட்டான், “சார், அப்ப நிலா இழுக்குற காத்துன்னு ஒண்ணு இல்லவே இல்லையா?” நிரந்தரம் போன வருத்தத்தைவிட அந்தக் கேள்வியில் வருத்தம் அதிகமாக இருந்தது.

ஆபிசருக்கு என்ன தோன்றியதோ, பதில் சொன்னார். “இருக்கு. ஆனா எறும்பு ஊர்ற வேகந்தான் இருக்கும். ஒரே கையாலே, ஒரு நாள் விடாம, துளி கலப்படம் இல்லாம இருபது வருஷம் எழுதினா ஒருவேளை கண்ணுக்குப் படலாம்.” ஆளை விட்டால் போதும் என்று சொன்னதாகத்தான் எனக்குத் தோன்றியது. கல்கத்தாவில் அந்தக் கட்டுரையை அவர் வாசிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மட்டில் அவரும் மனிதர்தான்.

மறுநாள் நல்லகாமன் புது ஏடு ஒன்றைப் பிரித்து, முதல் பக்கத்தில் ஒன்று என்று நம்பர் போட்டான். கண்ணாடியும் அவனே, எழுதுவதும் அவனே. கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்வது மட்டும் என் வேலை என்றான். இரண்டு வருஷம் நிமிஷம் சொல்லிவிட்டு, வெறுத்துப் போய், சமயநல்லூர் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தேன். அங்கே நான் சொன்னால் வண்டியாவது நிற்கும்.

அவன் விடவில்லை. அக்காள் மூன்று மாதம் பேசாமல் இருந்தாள், விடவில்லை. யுத்தம் வந்தது, விடவில்லை. காய்ச்சலில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகள் கல்யாணத்தன்று ஏழு மணிக்குப் பட்டு வேட்டியோடு கொட்டகைக்குப் போய்விட்டு, தாலி கட்டுகிற நேரத்துக்கு வியர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சம்பந்திக்காரர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காகிதம் வந்துகொண்டே இருந்தது. தற்காலிகம், தற்காலிகம் என்று பதினோரு வருஷம்.

1948-இல் கொட்டகையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. புதுக் கருவிகள் வந்துவிட்டன, வேறு ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். சாமான்களை எடுத்துப் போக ஒரு இளவயது ஆபிசர் லாரியோடு வந்தார். அக்காள் சொல்லி அனுப்பியதால் அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். நல்ல பையன் அந்த ஆபிசர். பதினெட்டு வருஷமாகத் தற்காலிகமா என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. “ஏதாவது கேளுங்க, நான் எழுதி வாங்கித் தரேன்” என்றார்.

“ஒம்பது வருசம் வேணும் சார்” என்றான் நல்லகாமன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லகாமன் ஏடுகளைக் காட்டிச் சொன்னான். நிலா, காற்று, இருபது வருஷம், அதில் முடிந்தது பதினொன்று. சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை, வாயுவும் பலூனும் மட்டும் கொடுத்தால் போதும் என்றான். இளைய ஆபிசர் சிரிக்கவில்லை. அது முடியாது என்பதை நாலைந்து விதமாக, மரியாதையாகச் சொன்னார். பழைய கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“அப்ப இதுகளைப் பத்திரமா வைங்க சார். பாதிக்கு மேல எழுதியாச்சு. மிச்சத்தை வேற எவனாச்சும் எழுதட்டும்” என்றான்.

பதினோரு வருஷத்து ஏடுகள் எட்டுக் கட்டு இருந்தன. லாரிக்காரன் கையில் கொடுக்காமல், ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அவனே ஏற்றினான். வயதாகிவிட்டது, மூச்சு வாங்கியது. கடைசிக் கட்டை நான் தூக்கப் போனேன்.

“நீ தொடாத மாப்ள” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.